களஞ்சியத்தில் எதற்கு இடம்?

நெல்லைக் கொட்டி வைக்கும் அறைக்குக் களஞ்சியம் என்று பெயர். அதில் நெல் மட்டுமே இருக்கும் என்று நகரத்தில் வளர்ந்தவர்கள் எண்ணக்கூடும். உழவர் வீட்டுக் களஞ்சியத்தைக் கண்டவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். நெல்லுக்குப் பக்கத்தில் உளுந்துப் பானை இருக்கும். உத்திரத்தில் விதைச் சுரைக்காய் தொங்கும். மூலையில் தேய்ந்த கொழு ஒன்று கிடக்கும். உலகத்து அறிவையெல்லாம் திரட்டித் தரும் நூலுக்குக் கலைக்களஞ்சியம் என்று பெயர் வைத்தவர்கள் இதை நினைத்தார்களோ இல்லையோ, பெயர் மிகவும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இப்பொழுது கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் எவரும் திறந்து படிக்கத்தக்கதாக விக்கிப்பீடியா என்னும் களஞ்சியம் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆங்கிலத்தில் மட்டும் 65 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் அதில் உண்டு. தமிழில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் உண்டு. எண்ணிக்கையைச் சொன்னால் வியப்பு உண்டாகுமே தவிர அதன் பரப்பு விளங்காது. ஆகையால் ஒரு மாலைப் பொழுதில் நான் அதற்குள் நடந்து சென்ற வழியைச் சொல்லுகிறேன்.

புளியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சாலையோரந்தோறும் நிழல் தரும் நம் புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்று தாவர நூலார் கூறுகின்றனர். ஆயினும் அரேபியர் அதன் பழத்தைத் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, என்று அழைத்தார்கள். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து பிறந்ததே. பேரீச்சை என்ற சொல்லைத் தொட்டேன். பேரீச்சங் கட்டுரை திறந்தது. சாக்கடலின் அருகே மசாடா என்னும் பழைய மலைக்கோட்டையில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு வயதுள்ள பேரீச்சங் கொட்டை ஒன்றை 2005ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் முளைக்க வைத்தார்கள் என்ற செய்தி கிடைத்தது. அந்தக் கன்றுக்கு மெத்தூசலா என்று பெயரிட்டார்களாம். விவிலியத்தில் மிக நீண்ட நாள் வாழ்ந்தவராகச் சொல்லப்படுகிறவரின் பெயர் அது. அந்த நாட்டுப் பேரீச்சையைப் பண்டைக் காலத்தில் புகழ்ந்து எழுதியவர்களுள் ரோமாபுரியைச் சேர்ந்த மூத்த பிளினி ஒருவர். புளியில் தொடங்கி பிளினியிடம் வந்து சேர்ந்தேன். அதற்குமேல் நகர மனம் வரவில்லை. ஏனென்றால் அவரும் ஒரு களஞ்சியக்காரரே.

கி.பி. 77ஆம் ஆண்டளவில் பிளினி தமது 'இயற்கை வரலாறு' என்னும் நூலை 37 பகுதிகளில் முடித்தார். விண்மீன், யானை, தேனீ, மருந்துச் செடி, சிற்பம், மணிக்கற்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. மிளகின் விலை உண்டு. கருமிளகு ஒரு இராத்தல் நான்கு தெனாரியசுக்கு விற்றது என்று எழுதுகிறார். ஆண்டுதோறும் ரோமாபுரியின் செல்வம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்ற அங்கலாய்ப்பும் உண்டு. முசிறித் துறையில் இறங்குவது நல்லதல்ல, அருகே கடற்கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எச்சரித்துவிட்டு, உள்நாட்டில் மதுரையிலிருந்து ஆளும் பாண்டியனையும் குறிப்பிடுகிறார். நமக்கு இவை பொன்போன்ற குறிப்புகள். அதே நூலில், இந்தியாவில் நாய்த்தலை மனிதர் உண்டு, ஒற்றைக் காலையே குடையாக விரித்து நிழலில் படுத்திருக்கும் மனிதர் உண்டு என்றும் எழுதி வைத்தார். அவருக்கு முன்னிருந்த கிரேக்கர் சிலர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டார். 79ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அதன் அருகே சென்று உயிர் நீத்தார். ஒற்றைக்கால் மனிதர் மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய நூல்களில் உயிரோடு உலவினார்கள்.

நம் நாட்டிலும் பொருள்களை வகுத்துத் தொகுக்கும் ஆசை புதியதன்று. திவாகர நிகண்டைப் பாருங்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளில் உலகத்தையே அடக்க முயன்றிருக்கிறார் அதன் ஆசிரியர். ஆனால் நிகண்டு பெயரைச் சொல்லும், பொருளை விளக்காது. விளக்கும் நூல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது பிற்காலத்தில்தான். 1902இல் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதான கோச'த்தை வெளியிட்டார். சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகப் பல்லாண்டு உழைத்து 'அபிதான சிந்தாமணி'யைத் தொகுத்தார். அதை அச்சிடப் பொருளுதவி தேடி அவர் பட்ட பாடு சிறிதன்று. பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, 1910ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. புராண மாந்தர் ஒரு பக்கம், புலவர் ஒரு பக்கம், நோயும் மருந்தும் ஒரு பக்கம் என்று அந்நூலில் எல்லாம் கலந்து நிற்கும். விரிந்த இரண்டாம் பதிப்பு வந்தது 1934இல். அதைக் காண ஆசிரியர் இல்லை.

பிறகு வந்தது தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்'. தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் முன்னின்று ஊக்க, கவிஞரும் இசைப்பாடல் வல்லவருமான பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து நடத்தினார். முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாவது 1963இல் முடிந்தது. இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968இல் வெளியாயிற்று. அறிவியல் பொருள்களைத் தமிழில் எழுதக் கலைச்சொல் போதாத காலம் அது. ஒரு கட்டுரை எழுதவேண்டுமானால் முதலில் பத்துச் சொற்களை ஆக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய பொறுமையே கண்ணில் படுகிறது.

அச்சிட்ட களஞ்சியத்துக்கு ஒரு துன்பம் உண்டு. காலம் அதற்காகக் காத்திருப்பதில்லை. முதல் தொகுதி வந்து மூன்றாண்டில் ருஷ்யர் செயற்கைத் துணைக்கோளை ஏவினார்கள். பத்தாம் தொகுதி வந்த மறுஆண்டே மனிதன் நிலவில் காலடி வைத்தான்; சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றதும் அதே 1969இல்தான். இரண்டையும் அந்தப் பத்துத் தொகுதிகளில் தேட முடியாது.

விக்கிப்பீடியாவுக்கு அந்தத் துன்பம் இல்லை. அது பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000ஆம் ஆண்டில் நியூபீடியா என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். வல்லுநர்களே எழுதவேண்டும், பல படிகளில் ஆராய்ந்த பிறகே வெளியிடவேண்டும் என்பது ஏற்பாடு. முதலாண்டில் தேறியவை சுமார் இருபது கட்டுரைகளே! 2001ஆம் ஆண்டு ஜனவரியில், எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று பக்கத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் குவிந்துவிட்டன. 'விக்கி' என்பது ஹவாய்த் தீவு மொழியில் விரைவைக் குறிக்கும் சொல். பெயருக்கேற்ற விரைவுதான். தமிழ்ப் பகுதி 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் அப்போது வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவருமான இ. மயூரநாதன் அதைத் தொடக்க காலத்தில் பெரும்பாலும் தனியே வளர்த்தார் என்றே சொல்லவேண்டும். சிங்காரவேலு முதலியாரைப் போல மற்றொருவர்.

எவரும் எழுதலாம் என்றால் பதரும் நெல்லும் கலக்காதா? கலக்கும். 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி எவரோ எழுதிய பொய், நான்கு மாதத்துக்கு மேல் நீக்கப்படாமல் இருந்தது. அதே ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ், 42 அறிவியல் கட்டுரைகளைப் பிரிட்டானிக்காவோடு ஒப்பிட்டு, இதில் கட்டுரைக்கு நான்கு பிழை, அதில் மூன்று பிழை என்று கணக்குக் காட்டியது. பிரிட்டானிக்கா அந்தக் கணக்கை மறுத்தது. நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. பிழையைக் கண்டவர் அன்றே திருத்தலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகியிருக்கும். பிளினியின் ஒற்றைக்கால் மனிதருக்கு இங்கே ஆயுள் குறைவு.

எனக்குக் கவலை தருவது உள்ளே இருக்கும் பிழையைவிட உள்ளே வராமல் நிற்கும் பொருள்தான்.

தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊராட்சிகளைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. அரசு தந்த புள்ளிவிவரத்தைக் கொண்டு, கணிப்பொறி நிரலின் துணையால் உருவாக்கியவை. ஒன்றைப் படித்தால் ஒன்பதைப் படித்தது போல் இருக்கும். எந்த மாவட்டம், எந்தத் தொகுதி, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எத்தனை பேர், எத்தனை கைக்குழாய், எத்தனை மேல்நிலைத் தொட்டி என்று வரிசையாகச் செல்லும். படிக்கச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்லும் நண்பர்களை நான் அறிவேன். எனக்கு அவை வேண்டும். எந்தப் பேரரசன் பவனி வந்தாலும் வராவிட்டாலும், ஏதோ ஒரு சிற்றூரின் பெயர் பாரிஸ் நகரத்தின் பெயர் இருக்கும் அதே களஞ்சியத்தில் இருக்கிறது. கடைசியில் குடியிருப்புகளின் பட்டியல் ஒன்று வரும். அதை மட்டும் நிறுத்திப் படியுங்கள். எத்தனை குளங்கள், எத்தனை மரங்கள் அந்தப் பெயர்களுக்குள் இருக்கின்றன! ஆனால் அந்த ஊரில் செய்யும் தொழிலைப் பற்றி, அதன் கருவிகளைப் பற்றி, ஒரு சொல்லும் இராது. புள்ளிவிவரத்தில் அவை இல்லை.

விக்கிப்பீடியாவுக்கு உறுதியான விதி ஒன்று உண்டு. எழுதும் செய்திக்கு அச்சிலோ வேறு நம்பத்தகுந்த வெளியீட்டிலோ சான்று காட்டவேண்டும். நல்ல விதி, அது இல்லாவிட்டால் களஞ்சியம் வம்புமடமாகிவிடும். ஆயினும் அது யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற அம்மையார் 2018இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பரிசு அறிவிக்கப்பட்ட வேளையில் அவரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிக் கொடுத்ததை, சான்று போதாது என்று திருப்பிவிட்டார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் நிலையே இது என்றால் பனையேறியின் நிலை என்ன?

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் தீதரோ தமது களஞ்சியத்தைத் தொகுத்தபோது இந்தத் தடையை வேறு விதமாகக் கடந்தார். அவர் கத்தி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன். தொழில்களைப் பற்றி நூல் இல்லை என்று கண்டதும் பட்டறைகளுக்கே போனார், கேட்டு எழுதிக்கொண்டார், பொறிகளின் உறுப்புகளைத் தெரிந்துகொண்டார். 1751 முதல் 1772 வரை வெளிவந்த 28 தொகுதிகளில் 11 தொகுதிகள் படங்கள். அவற்றுள் பெரும்பகுதி தொழிலாளரின் கையும் கருவியுமே. 1759இல் அரசு உரிமத்தைப் பறித்த பின்னும் அவர் வேலையை நிறுத்தவில்லை. அவர் இன்று விக்கிப்பீடியாவில் எழுதப் புகுந்தால், பட்டறையில் கேட்டதாக எழுதியதை நீக்கிவிடுவார்கள்!

இந்தக் குறையை அவர்களும் உணராமல் இல்லை. 2011ஆம் ஆண்டில் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு சோதனை நடந்தது. மலையாளம், இந்தி, செபெதி ஆகிய மொழிகளில் மக்கள் வாய்மொழியாகச் சொன்னதை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாக வைத்துக் கட்டுரை எழுதினார்கள். விதி அதனால் மாறிவிடவில்லை.

மாறும்வரை காத்திருந்தால் சொற்கள் காத்திரா. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனால் ஏறுவோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நாடோடி வழக்காறுகளை ஆராய்வோர் சிலர் நூல்களில் இச்சொற்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மையே. போதிய அளவு சேர்க்கவில்லை. இந்த உரைகள் நூலாக அச்சேறும் என்று நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள். அச்சேறியது எதுவும் ஒரு நாள் எவருக்கேனும் சான்றாகலாம். ஆகவே எஞ்சிய இரண்டு நிமிடத்தில், தென்பாண்டி நாட்டுப் பனங்காட்டில் வழங்கும் சொற்கள் சிலவற்றை மட்டும் நிறுத்திச் சொல்லுகிறேன். விருப்பமுள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆண்பனைக்கு அலகுப்பனை என்று பெயர். பெண்பனை பருவப்பனை. மரத்தின் அடியில் சாய்த்து, அதன்மேல் மிதித்து ஏறத் தொடங்கும் தடி, முருக்குத்தடி. ஏறும்போது இரு கால்களையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் நார் வளையம், தளைநார். பாளையை இதமாக நெரித்துப் பதப்படுத்தும் கட்டைக் கருவி, கடிப்பு. பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவுவது பாளை அரிவாள். வடியும் சாற்றை ஏந்தக் கட்டும் சிறு மண்பாண்டம் கலயம். அதன் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள்ளாகும். பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி.