செல்போனுக்குள் போன கூலி

கைபேசி இல்லாத வீடே இல்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். வீட்டில் இருக்கிறது, சரி. யார் கையில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33. கிராமத்துப் பெண்களை மட்டும் எண்ணினால் 25-ஐக்கூட எட்டவில்லை. கணக்கு ஒன்றிய சுகாதார அமைச்சகத்துடையது. எதிர்க்கட்சி அவிழ்த்துவிட்டது என்று தட்டிக்கழிக்க முடியாது.

நாடு முழுவதும் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2023 ஜனவரி 1 முதல் அவர்களுடைய வருகைப்பதிவு செயலிக்குள் போனது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லையா, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறதா, அன்றைய கூலி அந்தரத்தில். வெட்டிய குழி கண்முன்னே கிடக்கிறது. படம் ஏறவில்லை என்றால் ஆளே வரவில்லையாம்! பல ஊர்களில் கைபேசியும் டேட்டாவும் பொறுப்பாளரின் சொந்தக் காசு. அவரும் கூலிக்காரர்தான். அந்த ஆண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டது இந்த நியாயத்தைத்தான்.

முறைகேட்டைத் தடுக்கத்தான் செயலி என்றார்கள். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று. ஏய்க்கத் தெரிந்தவன் செயலியையும் ஏய்த்துவிட்டான். மாட்டிக்கொண்டது யார்?

கொரோனா தடுப்பூசியிலும் இதே கூத்து. 2021 மே 1 அன்று 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் திறந்தபோது, கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி. தளமோ அப்போது ஆங்கிலத்தில் இருந்தது. பெருநகரத்துக்காரர்கள் பக்கத்துக் கிராம மையங்களில் இடம்பிடித்து, காரில் போய்ப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தார் எப்படிப் பதிவார்கள் என்று அந்த மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசைக் கேட்க வேண்டியதாயிற்று.

வருகைப்பதிவுச் செயலி இருக்கட்டும், யாரும் உடைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் காகித மஸ்டர் ரோலும் இருக்கட்டும். படம் ஏறாத நாளுக்குக் கையெழுத்தோ கைநாட்டோ செல்லும் என்று எழுத்தில் தாருங்கள். சர்வர் நின்ற நாளின் கூலியை இழப்பீட்டோடு அரசே கொடுக்கட்டும். 15 நாளுக்குள் கூலி வராவிட்டால் இழப்பீடு உண்டு என்பது, 2005-ஆம் ஆண்டு வேலையுறுதிச் சட்டம் தொழிலாளிக்குத் தந்த உரிமைதானே?