கால் அங்குலக் கணக்கு

துண்டுத் துணிகளை இணைத்துக் குயில்ட் போர்வை தைப்பவர்களுக்கு உயிர்நாடி, தையலுக்காக ஓரத்தில் விடும் கால் அங்குலம்தான். இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை, வரிசைக்கு மூன்றாகத் தைத்தால் ஆறரை அங்குலக் கட்டம் வரவேண்டும். அரை நூல் பிசகினாலும் மூலை சேராது. ஒரு வரிசையின் தையல் ஓரங்களை வலப்பக்கமும், அடுத்ததை இடப்பக்கமும் மடித்து இஸ்திரி போடுங்கள். மூலைகள் கச்சிதமாகப் பொருந்தும். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுங்கள்.

ஆனாலும் அளவுகோல் மட்டுமே கலையாகிவிடாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள், பழைய வேலை உடுப்புகளைப் பெரும்பாலும் கண்ணளவிலேயே வெட்டி இணைத்தார்கள். அற்புதமான போர்வைகள் அவை! 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளாகவும் வெளிவந்தன.