ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்கள்
(பங்காளர் கூடுகையில் அளிக்கப்பட்ட செய்தி)



சாமுவேலின் முதலாம் புஸ்தகம் 8 முதல் 12 வரையுள்ள அதிகாரங்களை இன்று தியானத்திற்கு எடுத்துக்கொள்வோம். நியாயாதிபதிகளின் காலம் முடிந்து ராஜாக்களின் காலம் தொடங்குகிற இடம் இது. ஏறக்குறைய கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ராஜாவைக் கேட்டதற்காக இந்த ஜனங்களைக் குறைகூறிப் பிரசங்கிப்பது வழக்கம். ஆனால் அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பதை முதலாவது பார்ப்போம்.

1. கேட்டதற்குக் காரணம் இருந்தது

யோசுவாவுக்குப் பின் இஸ்ரவேலுக்குத் தலைநகரம் இல்லை, நிலையான சேனை இல்லை, வரி வசூலிக்க ஆள் இல்லை. ஆபத்து வந்தபோதெல்லாம் கர்த்தர் ஒருவரை எழுப்பினார். பென்யமீனில் ஏகூத், எப்பிராயீம் மலைநாட்டில் தெபொராள், மனாசேயில் கிதியோன், கிலேயாத்தில் யெப்தா. ஆனால் அழைத்தபோது எல்லாரும் வரவில்லை. சிசெராவோடு நடந்த யுத்தத்திற்கு ரூபன், தாண், ஆசேர் கோத்திரத்தார் வராமல் தங்கிவிட்டதைத் தெபொராளின் பாட்டே சொல்லுகிறது.

இதற்குள் காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் என்னும் ஐந்து பட்டணங்களில் பெலிஸ்தர் பலத்துப்போனார்கள். ஆப்பெக்குக்கு அருகே நடந்த யுத்தத்தில் இஸ்ரவேலில் 30,000 பேர் விழுந்தார்கள் என்றும், உடன்படிக்கைப் பெட்டியே பிடிபட்டது என்றும் வாசிக்கிறோம்.

இன்னொரு நெருக்கமும் இருந்தது. இஸ்ரவேல் தேசத்தில் கொல்லன் இல்லை. கலப்பையின் கொழுவைத் தீட்டக்கூட ஒரு விவசாயி பெலிஸ்தரிடம் இறங்கிப்போக வேண்டும். அந்த வசனத்தில் எபிரெய மொழியில் ‘பீம்’ என்று ஒரு சொல் வருகிறது. அதன் பொருள் நெடுங்காலம் தெளிவாக விளங்கவில்லை. பிற்பாடு பாலஸ்தீன அகழாய்வுகளில் அந்தச் சொல் பொறித்த சிறிய எடைக்கற்கள் கிடைத்தன. எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. ஒரு சேக்கலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அது தீட்டுவதற்குக் கொடுத்த கூலி! தன் நிலத்தை உழுவதற்கே சத்துருவுக்குக் கூலி கட்டிய ஜனங்கள் அவர்கள்.

சாமுவேலும் முதிர்வயதானார். பெயெர்செபாவில் நியாயம் விசாரித்த அவருடைய குமாரர் யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கினார்கள். இந்த நிலையில்தான் மூப்பர்கள் ராமாவுக்கு வந்து ராஜாவைக் கேட்டார்கள். மற்ற ஜாதிகளைப்போல என்று அவர்கள் சொன்னது சாமுவேலின் மனதை நோகச்செய்தது. ஜனங்கள் தள்ளியது சாமுவேலை அல்ல, தம்மையே என்று கர்த்தர் சொன்னார். ஆயினும் அவர்கள் சொல்லைக் கேட்கும்படியும், அதற்குமுன் எச்சரிக்கும்படியும் கட்டளையிட்டார்.

2. எச்சரிப்பு: ராஜா எடுத்துக்கொள்வான்

அந்த எச்சரிப்பில் ஒரே வினை திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். ராஜா எடுத்துக்கொள்வான். குமாரரை ரதங்களுக்கும், குமாரத்திகளைச் சமையலுக்கும் அப்பஞ்சுடுவதற்கும் எடுத்துக்கொள்வான். நல்ல வயலும் திராட்சத்தோட்டமும் ஒலிவத்தோப்பும் அவனுடைய ஊழியக்காரருக்குப் போகும். விளைச்சலிலும் ஆட்டிலும் பத்தில் ஒன்று போகும். கடைசியில் ஜனங்களே அடிமைகளாவார்கள்.

இது அப்படியே நடந்தது. சாலொமோன் தேவாலயத்தை 7 வருஷத்திலும், தன் அரமனையை 13 வருஷத்திலும் கட்டினார். லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேரை அமஞ்சியாகப் பிடித்து, மாதம் 10,000 பேராக அனுப்பினார். அவர் மகன் ரெகொபெயாமிடம் ஜனங்கள் சீகேமில் கூடி, பாரத்தைக் குறைக்கும்படி கேட்டார்கள். இன்னும் கூட்டுவேன் என்றான் அவன். அமஞ்சி வேலைக்குத் தலைவனாயிருந்த அதோராமைக் கல்லெறிந்து கொன்றார்கள். ஏறக்குறைய கி.மு. 930-ல் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. பின்பு யெஸ்ரயேலில் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் எடுத்துக்கொண்டபோது, சாமுவேல் சொன்னது எழுத்தின்படியே நிறைவேறிற்று.

இங்கே இன்னொன்றையும் காண்கிறோம். எகிப்தில் பார்வோனைத் தெய்வமாகவே வணங்கினார்கள். அவனைக் கண்டிக்க அங்கே யார் உண்டு? இஸ்ரவேலிலோ ராஜாவும் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டவன். குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருகப்பண்ணக்கூடாது, பிரமாணத்தை எழுதி வைத்து நாள்தோறும் வாசிக்கவேண்டும் என்று உபாகமம் 17-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. சாமுவேலும் ராஜ்யபாரத்தின் முறையைப் புஸ்தகத்தில் எழுதி, கர்த்தருக்கு முன்பாக வைத்தார். அதனால்தான் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதின் முன்னே நாத்தான் நிற்க முடிந்தது. ஆகாபின் முன்னே எலியா நிற்க முடிந்தது. ராஜா வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கர்த்தர் ராஜாவைக் கொடுத்தார். அவனைக் கேள்வி கேட்கிறவர்களையும் கூடவே கொடுத்தார்.

3. கணக்குக் கொடுத்த கைகள்

யாபேஸ் பட்டணத்தாரை அம்மோனியனாகிய நாகாசின் கைக்குத் தப்புவித்த பின், சவுலின் ராஜ்யபாரம் கில்காலில் உறுதியாயிற்று. பொறுப்பை ஒப்படைக்கிற அந்த நாளில் சாமுவேல் தம்மைக் குறித்துச் சாட்சி கேட்டார். யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரை ஒடுக்கினேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன்? இருந்தால் சொல்லுங்கள், திரும்பக் கொடுக்கிறேன் என்றார். ஒன்றும் எடுக்கவில்லை என்று ஜனங்கள் ஒருமுகமாய்ச் சாட்சி கொடுத்தார்கள். அங்கே புதிய ராஜாவும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்!

சாமுவேல் இந்தச் சாட்சியைத் தேவனிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. எருதும் கழுதையும் வைத்திருந்த ஜனங்களிடமே கேட்டார். கர்த்தருக்குத் தெரியும் என்று சொல்லிக் கணக்கை மூடிவைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

பிரியமானவர்களே, நம்மில் யாரும் ராஜாக்கள் அல்ல. ஆனால் சபைக் கமிட்டியில், பள்ளி நிர்வாகத்தில், சங்கத்தில், குடும்பச் சொத்தில் மற்றவர்களுடைய பொருளும் உழைப்பும் நம் கையில் இருக்கின்றன. பிறர் கொடுக்கிற காணிக்கையைக் கையாளுகிற நாம் எல்லாருக்கும் முன்பாக இதற்குக் கட்டுப்பட்டவர்கள். கேள்வி கேட்கிறவர்களை விரோதிகளாக எண்ணவேண்டாம். அவர்கள் இல்லாத இடத்தில்தான் எடுத்துக்கொள்ளுகிற கை நீளுகிறது.

கொடுக்கிற நீங்களும் கேளுங்கள். நாத்தானைப்போல அன்போடு கேளுங்கள், ஆனால் கேளாமல் இருந்துவிடாதிருங்கள். நமக்கு ஒரு ராஜா இருக்கிறார். அவர் எடுத்துக்கொள்ள வந்தவர் அல்ல, தம்மையே கொடுத்தவர். அவருடைய பெயரில் கூடுகிற இடங்களில் கில்காலின் கேள்விகள் ஆண்டுதோறும் சத்தமாய் வாசிக்கப்படட்டும். பதில் சொல்ல நம் கைகளைச் சுத்தமாய்க் காத்துக்கொள்ள கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.