நீராடும் மகளிரும் கரையில் நிற்போரும்

திருப்பதிக்கு வரும் நம்மவருள் பலர் காளத்திக்கும் சென்று வழிபட்டுத் திரும்புவது வழக்கம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். காளத்திநாதர் திருக்கோயிலுக்கு அடுத்தபடியாக அவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தது கலம்காரித் துணி. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில், மூங்கில் எழுதுகோல் கொண்டு, இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு நீரால் புராணக் கதைகளை எழுதுவர். பின்னர் ஓடும் நீரில் அலசுவர்.

அக்கதைகளுள் ஒன்று, கோபியரின் துகிலைக் கண்ணன் கவர்ந்த கதை. யமுனை நீரில் கன்னியர், கரையில் ஒரு மரம், கிளைதோறும் சேலைகள், நடுவே புன்னகை பூத்த கண்ணன். சில ஆண்டுகளுக்கு முன் காளத்தியில் அத்தகைய துணி ஒன்றை எங்களுக்கு விரித்துக் காட்டினார்கள். உடன் வந்திருந்த என் மகள் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவர்களில் ஒருத்தியும் அழவில்லையே, ஏன்?" என்று கேட்டாள்.

இறைவன் முன்னிலையில் ஆன்மா எதையும் மறைக்க இயலாது என்பதே இதன் உட்பொருள் என்று, பெரியோர் எனக்குச் சொன்னதை நானும் சொன்னேன். அவ்விடை தவறன்று. ஆனால் அது கண்ணனைப் பற்றிய விடை. அவள் கேட்டதோ அப்பெண்களைப் பற்றி.

அக்கேள்வியோடு பிற ஓவியங்களையும் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பழைய துணிகளில் பெண்கள் கூட்டமாக நீராடுகின்றனர்; காண்பவன் கதையறிந்த பக்தன். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வங்கத்து ஓவியர் ஹேமேந்திரநாத் மஜும்தார் நீராடி மீளும் பெண்ணை ஈரச் சேலையோடு தீட்டிப் பெயர் பெற்றார். அங்கே தோழியர் இல்லை; கண்ணனும் இல்லை. அவள் தனியே நடக்கிறாள். கண்ணன் இருந்த இடத்தில் பத்திரிகையைப் புரட்டும் வாசகன் நிற்கிறான். தூரிகையின் திறம் பெரிது. எனினும் பக்தி விலகிய பின் எஞ்சியது பார்வை ஒன்றே.

மேலை நாட்டிலும் இவ்வாறே. நீராடும் சூசன்னாவை முதியோர் இருவர் மறைந்திருந்து பார்த்த கதையை, 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துத் தின்தொரேத்தோ வரைந்தார். அவருடைய சூசன்னா கண்ணாடியில் தன் அழகைக் கண்டு அமைதியாக வீற்றிருக்கிறாள். 1610-இல் அதே கதையை ஆர்தெமீசியா ஜெந்திலெஸ்கி என்ற இளம்பெண் வரைந்தார். அவருடைய சூசன்னா முகம் சுளித்து, உடல் முறுக்கி, இரு கைகளாலும் அம்முதியோரைத் தடுக்கிறாள். கதை ஒன்றே, எழுதியவர் நின்ற இடம் வேறு. ஒருவர் கரையில் நின்று எழுதினார். மற்றவர் நீரில் நின்று எழுதினார்.

சமூகமும் மெல்ல அப்பக்கம் திரும்பியுள்ளது. எவரும் பாரார் என்று நம்பித் தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் குற்றம் என்று, 2013-இல் நம் நாட்டுக் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. முன்பு குறும்பு என்று சிரித்துக் கழித்த செயலுக்குச் சட்டம் வேறு பெயர் சூட்டிவிட்டது.

காளத்தியிலும் ஒரு மாறுதல் உண்டு. நலிந்திருந்த கலம்காரிக்கு 1950-களின் பிற்பகுதியில், கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் பயிற்சி நிலையம் அமைந்தது. பெரும்பாலும் ஆடவர் கையில் இருந்த எழுதுகோலை இன்று பெண்கள் பலர் ஏந்தி, அதனால் குடும்பம் நடத்துகின்றனர். கோபியரின் முகத்தை எழுதும் பொறுப்பு இப்போது அவர்கள் கையிலும் இருக்கிறது.

அன்று அத்துணியை வாங்கி வந்தோம். அது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருவோர் கண்ணனைக் கண்டு கைகூப்புகின்றனர், நானும் கூப்புகிறேன். ஆனால் இப்பொழுதெல்லாம் என் கண் முதலில் செல்வது, நீரில் நிற்கும் அந்த முகங்களின் மேல்தான்.