ஆமை ஓட்டுக்குள் இருக்கும் புரதம்

(நூற்றாண்டு விழா விஞ்ஞானக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



ஆமை ஓடு என்றதும் பலருக்குச் சீப்புத்தான் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டில் கரையோரச் சிங்கள ஆடவர் தலையில் செருகிய பிறை வடிவச் சீப்பு ஆமை ஓட்டில் செய்யப்பட்டதே. அந்தப் பளபளப்பான மேற்படை கெரற்றின். நமது நகத்தில் உள்ள புரதம். நான் பேச வந்தது அதற்குக் கீழே உள்ள என்புத் தட்டைப் பற்றி. விலா என்புகளும் முள்ளந்தண்டும் ஒன்றாகி அமைந்தது அது. கல்சியம் பொசுபேற்று இறுகிக் கிடக்கும் அந்தத் தட்டுக்குள் கொலாஜன் நார்கள் ஓடுகின்றன.

கொலாஜன் மூன்று புரியாக முறுக்கிய கயிறு. தீப்புண்ணை மூடவும் என்பு இடைவெளியை நிரப்பவும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். கொடி படரப் பந்தல் போடுவதுபோல, புதிய கலங்கள் வளர இது இடம் கொடுக்கும். பெரும்பாலும் மாட்டிலும் பன்றியிலும் இருந்து எடுப்பதால் மதம் சார்ந்த தயக்கம் உண்டு. மாடுகளின் மூளை நோய்ப் பயமும் சேர்ந்துகொண்டது. அதனால்தான், சீனாவில் உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் மென்னோட்டு ஆமையின் மீதி ஓட்டில் ஆய்வாளரின் கண் விழுந்தது.

ஒரு கோழி எலும்பைச் சில நாள் வினாகிரியில் போட்டு வையுங்கள். கல்சியம் கரைந்து எலும்பு இறப்பர்போல வளையும். மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன். ஆய்வுகூடத்தில் செய்வதும் இதன் நீட்சியே. ஓட்டை அரைத்து, ஐதான காரத்தால் வேறு புரதங்களையும், ஈடிரிஏ கரைசலால் கல்சியத்தையும் நீக்குவார்கள். பின்பு அசற்றிக்கமிலத்தில் பெப்சின் சேர்த்துக் கரைத்து, உப்பிட்டு வீழ்படிவாக்கி, மையநீக்கியில் பிரித்து, உறைநிலையில் உலர்த்துவார்கள். எல்லாம் 4 பாகை செல்சியசில் நடக்க வேண்டும். சூடேறினால் முறுக்கு அவிழ்ந்து வெறும் ஜெலற்றின் ஆகிவிடும்.

கிடைத்தது கொலாஜன்தானா என்பதற்குப் பல சோதனைகள் உண்டு. ஊதாக்கடந்த ஒளியை 230 நனோமீற்றர் அளவில் நன்கு உறிஞ்சும். 280இல் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் முக்கியமானது முறுக்கு அவிழும் வெப்பநிலை. குளிர்கடல் கொட் மீனின் கொலாஜன் ஏறத்தாழ 15 பாகையிலேயே குலையும். நமது உடலோ 37 பாகை. வெதுவெதுப்பில் வாழும் விலங்கின் கொலாஜனில் ஐதரொட்சிப்புரோலின் கூடுதலாக இருப்பதால் அது அதிக சூட்டைத் தாங்கும்.

அப்படியானால் நமது கடற்கரையில் ஒதுங்கும் ஆமையை எடுக்கலாமே என்று ஒரு தங்கை கேட்டார். நமது கரைக்கு முட்டையிட வரும் ஐந்து இனக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் உடற்பாகத்தை வைத்திருப்பதே குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்: செத்த ஆமையின் ஓட்டுக்கு விலை வந்தால் உயிருள்ளதும் தப்பாது.

நமக்கு மீன் செதில் இருக்கிறது. சந்தையில் கூட்டி எறிகிறார்கள். குளத்துத் திலாப்பியா வெப்பநீர் மீன். அதன் தோலையே பிரேசிலின் போர்த்தலேசா நகரில் தீப்புண்ணுக்குக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். செதிலிலும் கொலாஜனோடு கல்சியம் பொசுபேற்று உண்டு. செய்முறையும் ஏறத்தாழ இதுவே.

அசற்றிக்கமிலம் நமது ஆய்வுகூடத்தில் இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியும் இருக்கிறது. மையநீக்கிதான் இல்லை. சங்கத் தலைவி முன்வரிசையில் இருப்பதால் இதைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.