வாசித்தவர் பெயர்



நினைவுப் பேருரைகளில் பெரிய பெயர்களைப் பேசுவது வழக்கம். நான் ஒரு பேண்ட் மாஸ்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அந்தோனியோ சேவியர் வாஸ். 1916இல் கோவாவின் அல்டோனாவில் பிறந்தவர். பம்பாய் அவரைச் சிக் சாக்லேட் என்றே அறிந்தது. ட்ரம்பெட் வாசித்தார், 'மியூசிக் மேக்கர்ஸ்' என்ற ஜாஸ் குழுவை நடத்தினார், தாஜ் ஓட்டலில் சீமான்களை ஆடவைத்தார். கோவாக் கத்தோலிக்கருக்குள்ளும் சாதி உண்டு. அவரை நம்மவர் என்று சொந்தம் கொண்டாட நான் வரவில்லை. அவர் வாசித்த இசை யாருடையது என்பதுதான் எனக்கு முக்கியம். 1935இல் லியோன் அபி என்ற கறுப்பினக் கலைஞர் தன் குழுவோடு தாஜுக்கு வந்தார். அடுத்து டெடி வெதர்ஃபோர்ட் வந்தார். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஆக்கிய இசை அப்படித்தான் இங்கே கரையேறியது. 1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த உலகத்தை நோக்கித் திறந்த இன்னொரு கதவு அது.

ஓட்டலிலிருந்து சிக் சினிமாவுக்குப் போனார். சி. ராமச்சந்திராவின் இசையில் வந்த 'அல்பேலா' (1951) படத்தில் அவரும் குழுவும் திரையிலேயே தோன்றுகிறார்கள். அது அபூர்வம். மெட்டு இசையமைப்பாளருடையது, அதை நொட்டேஷனாக எழுதி, எந்த வாத்தியம் எங்கே நுழையவேண்டும் என்று பிரித்துக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் கோவாக்காரர்கள். டைட்டிலில் அவர்களுக்குக் கிடைத்தது, கிடைத்தால், 'உதவி' என்ற சொல். கூலி வேலைக்குத் தக்கபடி. 1967இல் சிக் இறந்தார். இந்திய சினிமாப் பாட்டில் ட்ரம்பெட் எகிறும் இடங்களில் அவர் தலைமுறையின் மூச்சு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு இசைத்தட்டு உண்டு, படச்சுருள் உண்டு. தேடினால் கிடைப்பார்.

நம் பக்கத்துக் கொடை நோட்டீசை எடுத்துப் பாருங்கள். அன்னதானம் கொடுத்தவர், பந்தல் போட்டவர், மைக்செட் உபயம் செய்தவர் எல்லாருக்கும் பெயர் இருக்கும். மேளத்துக்குப் பல நேரம் ஒரே வரி: 'நையாண்டி மேளம்'. விடிய விடியத் தவில் அடித்தவர் யார்? மிஷன் சபைகளின் பவனியில் பேண்ட் ஊதிய நம் தாத்தாக்கள் யார்?

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வாசிப்பவர்களின் பெயரை எழுதுங்கள். யாரிடம் படித்தார், ஒரு ராத்திரிக்கு என்ன கூலி, வண்டிச் சத்தம் யார் கொடுத்தது என்று கேளுங்கள். எங்கே உட்காரவைத்துச் சோறு போட்டார்கள் என்றும் கேளுங்கள். அதை முதல் நாள் சொல்லமாட்டார்கள். மறுபடியும் போங்கள்.