கேட்காத பிள்ளையை அறிந்தவர் ஆசிரியர்

(பெருநாள் விடுமுறைக்கு முன் நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)





ரமளானில் பாதியைக் கடந்துவிட்டோம். பெருநாள் விடுமுறையில் பள்ளிக்கூடம் ஊருக்கு என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெருநாளுக்கு முன் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தாடை கொடுத்தோம். மேடை போட்டு, பெயர் சொல்லி அழைத்து, புகைப்படமும் எடுத்தோம். என் வகுப்பில் வாப்பாவை இழந்த ஒரு பிள்ளை. பெருநாளன்று பழைய துணியோடுதான் வெளியே வந்தாள். விசாரித்தபோது அவளுடைய உம்மா சொன்னார்: "அந்தத் துணிய எல்லாப் புள்ளைங்களும் பாத்துருச்சுங்க சார். போட்டா, குடுத்த துணின்னு சொல்வாங்கன்னு அழுவுறா." அவள் பெயரைப் பட்டியலில் எழுதியவன் நான்தான்.

வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று பகரா அத்தியாயத்தின் 271-ஆம் வசனம் கற்றுத் தருகிறது. 273-ஆம் வசனம், தன்மானத்தால் யாரிடமும் கேட்காதவர்களைப் பற்றிப் பேசுகிறது. அறியாதவர்கள் அவர்களை வசதியானவர்கள் என்றே நினைத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட குடும்பத்தை நாம் எப்படி அறிவது? பள்ளிவாசல் வாசலுக்கு அவர்கள் வரமாட்டார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளை தினமும் வகுப்பறைக்கு வருகிறது. சத்துணவு முட்டையைத் தின்னாமல் தம்பிக்கு எடுத்துப் போகிற பிள்ளை யார் என்று ஆசிரியருக்குத் தெரியும். திடீரென்று நோட்டு வாங்க முடியாமல் போன பிள்ளை யார் என்றும் தெரியும். பள்ளிக்கூடம் ஊருக்குத் தரக்கூடிய பெரிய உதவி இந்த அறிவுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: வகுப்பாசிரியர் சொல்லும் பெயர்கள் தலைமையாசிரியரிடமும் நம் பைத்துல்மால் பொறுப்பாளரிடமும் மட்டும் இருக்கட்டும். மேடை வேண்டாம், புகைப்படம் வேண்டாம். தராவீஹ் முடிந்த பிறகு நம் பெண்கள் இருவர் போய் உம்மாவின் கையில் கொடுக்கட்டும். ஜகாத்தைப் பணமாகவே கொடுத்தால், பிள்ளை தனக்குப் பிடித்த நிறத்தில் துணி எடுத்துக்கொள்ளும்.

இரண்டு: ஃபித்ரா பெருநாள் தொழுகைக்கு முன்பே சேர வேண்டும். தலைக்கு ஒரு ஸாஉ, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி. ரமளானிலேயே கொடுப்பதற்கு அனுமதி உண்டு. பள்ளி மூடுவதற்கு முன்பே பிள்ளைகள் வழியாகத் திரட்டினால், கடைசி இரவில் அலைய வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் பழக்கம் வரும். பட்டியலில் சகோதர சமயப் பிள்ளைகள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ஸதகாவிலிருந்து கொடுப்போம்.

மூன்று: பெருநாளோடு நிறுத்திவிடாதீர்கள். 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவையும், 2022-இல் தொடங்கிய காலை உணவையும் நம்பி இருக்கிற வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. கோடை விடுமுறையில் அந்த அடுப்புகள் எரியாது. நோன்புக் கஞ்சி காய்ச்சிய அண்டாக்கள் அப்போது பள்ளிவாசலில் சும்மாதானே இருக்கும்? மதரஸா வரும் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் காலையில் ஏதாவது சமைத்துக் கொடுக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால், யார் ஏழை என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தத் தவறு இந்த ஊரில் நடக்க வேண்டாம்.

நம் நோன்பையும் ஜகாத்தையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.